சேற்றுக்கு முன்னால் போடு, சாலை வந்ததும் எடு

ஃபோர் வீல் டிரைவ் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

கே: புதிதாக மகிந்திரா தார் ஃபோர் பை ஃபோர் எடுத்திருக்கிறேன். கியர் ராடு பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கிறது. அதில் 2எச், 4எச், என், 4எல் என்று போட்டிருக்கிறது. ஷோரூமில் அவசரமாகச் சொல்லிக்கொடுத்தது மண்டையில் ஏறவில்லை. (வாசகர், கோயம்புத்தூர்)

ப: 2எச் என்றால் பின்சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். டவுன், ஹைவே, நல்ல சாலை எல்லாவற்றுக்கும் இதுதான். 4எச் என்றால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல், சரளை, ஈரப்புல் இவற்றுக்கு அது. 4எல் என்றால் நான்கும் இழுக்கும், கூடவே கியர் விகிதமும் மாறும். இழுவிசை வண்டிக்கு ஏற்ப இரண்டு, இரண்டரை மடங்கு கூடும்; வேகம் அதே கணக்கில் குறையும். பாறை, செங்குத்தான ஏற்றம், இறக்கம் இவற்றுக்கு அது. என் என்பது நியூட்ரல்; அதைப் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார், கீழே சொல்கிறேன். 4எச் பிடிப்புக்கு, 4எல் நிதானத்துக்கு. இவ்வளவுதான் பாடம்.

கே: நான்கு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்புதானே? ஹைவேயிலும் 4எச்சிலேயே விட்டுவிட்டால் என்ன? (வாசகர், மதுரை)

ப: தயவுசெய்து வேண்டாம். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற வண்டிகளில் 4எச் போட்டதும் முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். ஆனால் திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். தாரின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 2.45 மீட்டர். பின்னச்சு 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு கால்வட்டம் திரும்புவதற்குள் முன்னச்சு கிட்டத்தட்ட 90 செ.மீ. கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், பற்சக்கரம், அந்தக் குட்டி லீவர் மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தலையில் விழும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஒருமுறை போதும். காலி மைதானத்தில், கெட்டியான தரையில், 4எச் போட்டு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகருங்கள். யாரோ பிரேக் போட்டதுபோல் வண்டி இழுத்துப் பிடிக்கும்; டயர் கீச்சிட்டுத் துள்ளித் துள்ளி நகரும். அந்தத் துள்ளல் வந்ததும் நிறுத்தி 2எச்சுக்கு மாற்றிவிடுங்கள். நேரான ஹைவேயில் இந்த முறுக்கு சத்தமில்லாமல் ஏறும், அதுதான் ஆபத்து.

கே: மழையில் நனைந்த மலைச்சாலைக்குக்கூட 4எச் கூடாதா? (வாசகி, கோத்தகிரி)

ப: நனைந்தாலும் அது தார்ச்சாலைதான். கொண்டை ஊசி வளைவில் 4எச்சில் திரும்பினால் முன்பக்கம் நீங்கள் சொன்னபடி திரும்பாமல் நேராகத் தள்ளும். மழைச் சாலைக்கு வேண்டியது நல்ல டயரும் குறைந்த வேகமும். மண் சரிந்து சாலையே சேறாகிக் கிடக்கிறதென்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் போடுங்கள், தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

கே: ஃபோர் வீல் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? (வாசகர், திண்டுக்கல்)

ப: காரில், ஜீப்பில் பிடிக்காது. பிரேக் எப்போதும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. 2எச்சிலும் அதே பிரேக், 4எச்சிலும் அதே பிரேக். கிளம்பும்போது கிடைக்கும் பிடிப்பைப் பார்த்து, நிற்கும்போதும் அதே பிடிப்பு கிடைக்கும் என்று நம்புகிறவர்கள்தான் ஈரச்சாலையில் பள்ளத்துக்குப் போகிறார்கள்.

கே: ஓடிக்கொண்டிருக்கும்போதே 2எச்சிலிருந்து 4எச்சுக்கு மாற்றலாமா? எந்த வேகத்தில்? (வாசகர், ஈரோடு)

ப: இப்போதைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மாற்றலாம். ஜிம்னி, ஃபார்ச்சூனர் போன்றவற்றில் மணிக்கு 100 கி.மீ.க்குள் மாற்றலாம் என்பது கம்பெனி சொல்லும் எல்லை. எல்லையைத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. சேறு தெரிகிறது, வேகத்தை 30, 40க்குக் குறைத்துவிட்டீர்கள், ஸ்டீயரிங் நேராக இருக்கிறது. அந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு லீவரைத் தள்ளுங்கள். வெண்ணெயாக விழும்.

செய்யக்கூடாத நேரம் ஒன்று உண்டு. பின்சக்கரம் ஏற்கெனவே சேற்றில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது தள்ளாதீர்கள். பின்னச்சு வேகமாகச் சுற்றுகிறது, முன்னச்சு நிற்கிறது, இரண்டையும் படாரென்று பூட்டினால் பல் உடையும். முதலில் காலை எடுங்கள், சக்கரம் நிற்கட்டும், பிறகு போடுங்கள்.

கே: 4எல் போடப் போனால் லீவர் கரகரவென்று கத்துகிறது, விழ மறுக்கிறது. வண்டியில் கோளாறா? (வாசகர், தேனி)

ப: கோளாறு பெரும்பாலும் முறையில்தான் இருக்கும். வண்டி முழுக்க நிற்க வேண்டும். கால் பிரேக்கில். மேனுவல் என்றால் கிளட்சை முழுக்க மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் என். பிறகு லீவரை ஒரே மூச்சில், தயங்காமல் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால்தான் கரகர. அப்படியும் விழவில்லையென்றால் பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். பலத்தைக் காட்ட வேண்டாம். லீவரை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து, வண்டியை ஒரு சாண் முன்னே பின்னே நகர்த்தி நிறுத்தி மறுபடி போடுங்கள். இதைச் செய்ய வேண்டிய இடம் சமதளம். ஏற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு 4எல் தேடக்கூடாது.

கே: சேற்றிலிருந்து வெளியே வந்து 2எச் போட்டுவிட்டேன். ஆனாலும் டேஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. (வாசகர், சேலம்)

ப: மேலே சொன்ன முறுக்கு உள்ளே இன்னும் மிச்சமிருக்கிறது; பற்கள் இறுகிப் பிடித்துக்கொண்டு கழல மாட்டேன் என்கின்றன. ஸ்டீயரிங்கை நேராக வைத்து நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், பிறகு நேராக முன்னே வாருங்கள். டொக்கென்று ஒரு சத்தம் வரும், விளக்கு அணையும். அதற்கும் அணையாவிட்டால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மினுக்கும் விளக்கோடு ஹைவே ஏறாதீர்கள்.

கே: டிரான்ஸ்ஃபர் கேஸில் நியூட்ரல் எதற்கு? கியரில்தான் ஏற்கெனவே நியூட்ரல் இருக்கிறதே? (வாசகி, திருச்சி)

ப: வண்டியைக் கட்டி இழுத்துப்போகும்போது எஞ்சின், கியர்பாக்ஸ் பக்கத்தைச் சக்கரத்திலிருந்து பிரித்துவைக்க அது உதவும். அவசியம் தெரிந்திருக்க வேண்டிய ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அந்த லீவர் நியூட்ரலில் இருந்தால் மெயின் கியரை முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஆட்டோமேட்டிக்கில் ‘பி’ போட்டாலும் உருளும். சக்கரத்துக்கும் கியருக்கும் தொடர்பே அறுந்திருக்கும். 4எச்சிலிருந்து 4எல் போகும் வழியில் லீவர் நடுவில் மாட்டிக்கொள்வதும் நடக்கும். சரிவில் இறங்கிப் பார்க்கப் போகிறீர்களா? ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்குங்கள்.

கே: கொழுக்குமலைக்குப் போயிருந்தோம். அந்தப் பழைய ஜீப்புகள் அந்தக் கல்பாதையில் எப்படி ஏறுகின்றன? ஓட்டுநர்களிடம் என்ன வித்தை இருக்கிறது? (வாசகி, விருதுநகர்)

ப: கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போகும் வழி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அடுத்தமுறை போனால் ஓட்டுநரின் கையையும் காலையும் கவனியுங்கள். உருண்டைக் கற்கள் தொடங்கும் முன்பே லீவரைப் போட்டுவிடுவார். பாதி தூரம் போய்ச் சக்கரம் சுற்றிய பிறகு யோசிக்க மாட்டார். அதன்பிறகு கிளட்ச் பக்கம் கால் போகவே போகாது. பெருவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்கு உள்ளே நுழைக்காமல் வெளியே வைத்திருப்பார்; கல்லில் முன்சக்கரம் மோதி ஸ்டீயரிங் உதறினால் விரல் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். முன்கூட்டியே போடு, மெதுவாகப் போ, கிளட்சைத் தொடாதே. வித்தை இந்த மூன்றில் அடங்கியிருக்கிறது.

கே: செங்குத்து இறக்கத்தில் எந்த கியர்? ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் நின்றுவிட்டால்? (வாசகர், ஏற்காடு)

ப: செங்குத்தான மண் இறக்கத்துக்கு 4எல், முதல் கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்து நடத்தி இறக்கும். கிளட்சை மிதித்தால் அந்தப் பிடி போய்விடும். வண்டி எடையெல்லாம் பிரேக் தலையில் விழும், சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இது தார் போட்ட மலைச்சாலைக்கான யோசனை இல்லை. அங்கே 2எச்சில் சின்ன கியர் போதும்.

ஏற்றத்தில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். பிரேக்கை இறுக மிதியுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், எஞ்சினைக் கிளப்புங்கள், ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராகப் பின்னிறங்குங்கள். அங்கேயே வண்டியைக் குறுக்காகத் திருப்பப் பார்த்தால் உருண்டுவிடும். நியூட்ரலில் பின்னால் உருளவிட்டாலும் வண்டி உங்கள் கையில் இருக்காது.

கே: ஃபோர் வீல் போட்டும் மாட்டிக்கொண்டேன். முன்னே ஒரு சக்கரம், பின்னே ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது. அப்படியானால் இது டூ வீல்தானே? (வாசகர், பொள்ளாச்சி)

ப: உங்கள் கோபம் நியாயம். அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல், நம் மெக்கானிக்குகள் கிரவுன் என்பது, திருப்பத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிவிடுகிறது. அதே குணம் சேற்றில் எதிரியாகிறது. எந்தச் சக்கரம் இலேசாகச் சுற்றுகிறதோ அதுவே சுற்றிக்கொண்டிருக்கும், பிடிப்புள்ள சக்கரம் சும்மா நிற்கும். குறுக்குமறுக்காக இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் கதை முடிந்தது.

இதற்குத்தான் டிஃபரன்ஷியல் லாக். கூர்க்காவில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் தனித்தனி லாக் உண்டு. ஜிம்னியில் சுற்றும் சக்கரத்தை மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டுப் பிடிக்கும், இழுவை மறுபக்கம் போகும். அங்கே ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதித்துக்கொண்டு அந்த ஏற்பாட்டுக்கு ஓரிரு நொடி வேலை செய்ய நேரம் கொடுக்க வேண்டும். எதுவும் இல்லாத வண்டியென்றால் தொங்கும் சக்கரத்துக்கு அடியில் கல்லோ பலகையோ வையுங்கள்.

கே: அப்பா விட்டுச்சென்ற பழைய ஜீப்பில் குட்டி லீவர் இரண்டு இருக்கின்றன. எதை முதலில் போடுவது? முன்சக்கர நடுவில் திருகும் குமிழ் ஒன்றும் இருக்கிறது. (வாசகர், போடிநாயக்கனூர்)

ப: 1941இல் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் அமைப்பு அது. மகிந்திரா 1947இல் இங்கே வில்லிஸ் ஜீப்பைக் கோக்கத் தொடங்கியபோது அந்த அமைப்பும் கூடவே வந்தது. ஒரு லீவர் முன்னச்சைச் சேர்க்கும், மற்றது ஹை, லோ மாற்றும். முன்னச்சைச் சேர்த்த பிறகே லோ. எடுக்கும்போது முதலில் லோவிலிருந்து ஹை, பிறகு முன்னச்சு. லோவின் இழுவிசை முழுவதையும் பின்னச்சு ஒன்றே தாங்கினால் ஆக்சில் முறியும் என்பதால்தான் இந்த வரிசை.

அந்தக் குமிழ் ஃப்ரீ வீல் ஹப். அமெரிக்காவில் வார்ன் கம்பெனி 1948இலிருந்தே ஜீப்புகளுக்காக இதைச் செய்தது. குமிழ் ‘ஃப்ரீ’ பக்கம் இருந்தால் உள்ளே லீவர் போட்டாலும் முன்சக்கரம் இழுக்காது. சேற்றுக்குப் போகும் முன் இறங்கி இரண்டு பக்கமும் ‘லாக்’ பக்கம் திருப்புங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டுப் போகிறவர்கள் நிறைய.

கே: என் டிராக்டரும் ஃபோர் வீல். சேற்றுழவு முடிந்து ரோட்டில் வரும்போது எடுக்க வேண்டுமா? எடுக்காமலே ஓட்டுகிறார்கள். (விவசாயி, மன்னார்குடி)

ப: கட்டாயம் எடுங்கள். டிராக்டரில் முன்டயர் சின்னது. அதன் ஓரம் பின்டயரின் ஓரத்தைவிடச் சில சதவீதம் வேகமாக ஓடும்படிதான் பற்சக்கரங்களை வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டே போக வேண்டும் என்பதற்காக. வயலில் அது நல்லது. ரோட்டில் அந்த வேறுபாடு முழுவதும் முன்டயரைத் தேய்க்கும், டீசலைத் தின்னும்.

ஒரு விதிவிலக்கு. பல டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு ஆற்றுக்கரை மேட்டிலிருந்து இறங்கும்போது ஃபோர் வீல் போட்டால் அந்தப் பிரேக் முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். இறங்கி முடித்ததும் எடுத்துவிடுங்கள். டிஃப் லாக் பெடலை மிதித்துக்கொண்டு திரும்பாதீர்கள்.

கே: எங்கள் தோட்டத்துக்குப் போகும் வழி செம்மணல் தேரி. 4எச், 4எல் இரண்டும் போட்டுப் பார்த்தேன், புதைகிறது. (வாசகர், உடன்குடி)

ப: லீவரை விடுங்கள், டயரைப் பாருங்கள். ரோட்டில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும் காற்றை மணலுக்கு 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். டயர் பரந்து நீண்டு மணல்மேல் உட்காரும், கீழே தோண்டாது. பிறகு 4எச்சில் ஒரே சீராகப் போங்கள். நிறுத்த வேண்டுமென்றால் பிரேக் அடிக்காமல் தானே நிற்க விடுங்கள், முடிந்தால் இறக்கத்தைப் பார்த்து. சக்கரம் சுற்றத் தொடங்கினால் உடனே காலை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மணலை வாரி எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் வாருங்கள். தார்ச்சாலை ஏறும் முன் காற்றை மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். குறைந்த காற்றோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

கே: ஃபோர் வீல் வண்டி இருந்தால் வெள்ளத்தில் போகலாம்தானே? (வாசகர், வேளச்சேரி)

ப: தாருக்கு 650 மி.மீ., கூர்க்காவுக்கு 700 மி.மீ. ஆழம் வரை என்று கம்பெனிகள் சொல்கின்றன. அது ஓடாத தண்ணீருக்கு, அடியில் என்ன தரை என்று தெரிந்த இடத்துக்கு. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தாலே பெரிய வண்டியையும் தூக்கிக்கொண்டு போகும். வண்டி மிதக்கத் தொடங்கினால் எத்தனை சக்கரம் சுற்றி என்ன பயன்? மூடியில்லாத சாக்கடைக்குழியை எந்த லீவரும் காட்டாது. தண்ணீருக்குள் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். உள்ளே நீர் ஏறியிருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் போய்வந்த வண்டியில் கிரவுன் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

கே: வருஷத்தில் ஒரு தடவைகூட ஃபோர் வீல் போடுவதில்லை. வண்டிக்கு நல்லதுதானே? (வாசகர், அண்ணா நகர்)

ப: நல்லதில்லை. உள்ளே ஆயில் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேவைப்படும் நாளில் லீவர் அசையாது. மாதம் 16 கி.மீ.யாவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்கிறது டொயோட்டா. மண்ரோடாகப் பார்த்து ஓட்டுங்கள். நான்கு டயரும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும்.

கே: ஆல் வீல் டிரைவ் எஸ்யூவி வாங்கலாமா, லீவர் வைத்த ஃபோர் பை ஃபோர் வாங்கலாமா? வீட்டில் பெரிய வாதம் நடக்கிறது. (வாசகி, தஞ்சாவூர்)

ப: உங்கள் வழியை எழுதிப் பாருங்கள். தார்ச்சாலை, எப்போதாவது மண்பாதை, மழைக்கால மலைப்பயணம் என்றால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவற்றில் கிடைக்கும் ஆல் வீல் டிரைவ் போதும். அது தேவையறிந்து தானே இழுவையைப் பங்கிடும், தார்ச்சாலையிலும் தொந்தரவில்லை. ஆனால் 4எல் இருக்காது. தினமும் எஸ்டேட் பாதை, பாறை, வயல் என்றால் லீவர் வண்டி. இரண்டுமே இல்லாமல் டவுனுக்குள் மட்டும் ஓட்டப்போகிறீர்களென்றால் டூ வீல் டிரைவ் வாங்கி, மிச்சப்படும் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கே: ஓட்டிப் பழக எங்கே போகலாம்? நண்பர்கள் காட்டாற்றுக்கும் கடற்கரைக்கும் கூப்பிடுகிறார்கள். (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

ப: இரண்டுக்கும் போகாதீர்கள். காட்டாறு சரணாலயத்துக்குள் இருந்தால், அங்கே அனுமதியின்றி நுழைவதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காட்டாற்றில் நீங்கள் கலக்கிவிட்டுப் போகும் தண்ணீரைத்தான் கீழே விலங்குகளும் ஊர்களும் குடிக்கின்றன. கடற்கரை மணலில் வருஷத் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமை முட்டையிடுகிறது. உங்கள் டயருக்குக் கீழே ஒரு குழி நிறைய முட்டை இருக்கலாம். வண்டி ஓட்டவே அனுமதியுள்ள கடற்கரை வேண்டுமென்றால் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காடு இருக்கிறது. பழகுவதற்குத் தெரிந்தவரின் அறுவடை முடிந்த வயல் போதும், அவரிடம் கேட்டுவிட்டு. அங்கே 2எச், 4எச், 4எல் மூன்றையும் கை தானாகப் போடும் வரை போட்டுப் பழகுங்கள். சக்கரம் சுற்றுவதற்கு முன்பே லீவர் விழ வேண்டும், கெட்டித் தரை வந்ததும் சொல்லாமலே கை 2எச்சுக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கம் வந்த பிறகு மலைக்குப் போங்கள்.